மனைத் தரகரின் கிழக்கு

காலை வெயில் நேராக வாசலில் விழுந்தால் அது கிழக்குப் பார்த்த மனை. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை வயல்கள் மனைகளாகும் வேகத்தில், இந்த அரைகுறை உண்மையும் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று பள்ளியில் படித்ததற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

சூரியன் நேர்க் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி மட்டுமே. கும்மிடிப்பூண்டிக்கு ஏறக்குறைய நேர்க் கிழக்கே பழவேற்காடு இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் அந்தத் திசையில் எழுவதில்லை. 24 பாகை தெற்கே விலகி, காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் எழுகிறது. ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே விலகி, பழவேற்காடு ஏரி ஆந்திரத்துக்குள் விரியும் பக்கம் எழுகிறது. ஆக மொத்தம் 48 பாகை. இதில் எந்த நாளில் தரகர் கை நீட்டினாரோ, அதுதான் உங்கள் கிழக்கு!

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். நிலநடுக்கோட்டில் உதயம் அதே 23.4 பாகைதான் விலகும். வடக்கே போகப்போக விலகல் கூடும். லண்டனில் சுமார் 40 பாகை.

"சித்திரை முதல் நாள் பார்த்தால் சரியாக இருக்கும்" என்பார்கள். அதுவும் தவறு. ஏப்ரல் 14 அன்று இங்கே உதயம் கிட்டத்தட்ட 10 பாகை வடக்கே போய்விட்டிருக்கும். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுவதால், ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் மார்ச் 20-ஐ ஒட்டிய சம இரவு நாளை விட்டு விலகி வந்திருக்கிறது.

கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் தொழிற்சாலைக் கூரைகளைப் பார்க்கட்டும். ரம்பப்பல் போன்ற கூரையில் வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் வரும், வெயில் வராது என்பது இங்கிலாந்து ஆலைகளுக்குப் பொருந்திய கணக்கு. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். கும்மிடிப்பூண்டியிலோ ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் உதயம் முதல் மறைவு வரை நாள் முழுதும் வடக்கேதான். மறைப்பு வைக்காத கண்ணாடி வழியே வரும் அந்த வெயிலைத் தாங்குவது தொழிலாளியின் முதுகு.

தரகர் கை நீட்டும் கிழக்கை மரபின் பெயரால் விற்பதுதான் வேடிக்கை. மரபு உதயத்தைப் பார்த்துக் கை நீட்டவில்லை. தரையில் வட்டம் வரைந்து, நடுவில் கோல் நட்டு, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்துக் கிழக்கு மேற்கைக் கண்டது. கோல் நட்டுத் திசை காணும் முறையை மயமதம் என்னும் மனைநூல் விரிவாகச் சொல்கிறது. அரண்மனைக்குக் கோல் நிழலால் திசை குறித்ததை நெடுநல்வாடை பாடுகிறது.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் ஒரு கோலை நட்டுப் பாருங்கள். பாடநூலும் 'சூரியன் கிழக்குப் பக்கம் உதிக்கும். நேர்க் கிழக்கில் ஆண்டுக்கு இரு முறைதான்' என்று திருத்தி எழுதட்டும். அந்த ஒரு வரி சேர்ந்தால், வெயிலைக் காட்டி விலை ஏற்றுவது தரகருக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.