நேரம் யார் வீட்டுச் சொத்து?

போன மாசம் ஒரு பொண்ணு என்னைத் தேடி வந்தாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைத்தவள். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா களை எடுக்கப் போகிறவர். அவள் இப்போ ஹவுஸ் சர்ஜன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல மூணு வருசத்துல நாலு பேருக்கு கிட்னி போயிடுச்சு. ஒருத்தருக்கும் சுகர் இல்ல, பிரஷர் இல்ல. எல்லாரும் வெயில்ல வேலை செய்யறவங்க. ஏன்னு பாக்கணும்ணா. எங்க சாரும் பண்ணலாம்னுதான் சொல்றாரு. ஹவுஸ் சர்ஜன் முடிஞ்சதும் ஒரு வருசம் முழுசா உக்காரணுமாம். ஆனா பணம் எதுவும் தர வழியில்லன்னுட்டாரு. நான் என்ன பண்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் இருபது வருசத்துக்கு முன்னாடி இதே கேள்வி என் முன்னால் வந்து நின்றது. நான் ஓடிப்போனேன்.

எனக்கும் ஒரு பேராசிரியர் இருந்தார். வார்டில் நான் கேட்ட ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசம் என்கூட இரு, இதைப் பார்ப்போம்" என்றார். சம்பளம் கிடையாது. எங்கம்மா அப்போது நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி. என் படிப்புக்கு வாங்கின கடன் வட்டி போட்டுக் குட்டி போட்டு நின்றது. அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பெரிய படிப்பெல்லாம் அப்பால பாத்துக்கலாம் கண்ணு. வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கறான்" என்றார். அடுத்த வாரமே ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ராத்திரி டூட்டி டாக்டராகப் போய் உட்கார்ந்தேன். என் கேள்வியை என்கூடப் படித்த இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான். அப்பா டாக்டர், தாத்தா டாக்டர். நல்லவன்தான், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு வருசம் உட்கார்ந்தான். அவன் பேரில் கட்டுரை வந்தது. அதைக் காட்டி வெளிநாடு போனான். இன்றைக்கு மேடைக்கு மேடை அவனை 'அபாரத் திறமை' என்று அறிமுகப்படுத்துகிறார்கள்.

இந்தத் 'திறமை' என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் தோழர்களே. உள்ளே என்ன இருக்கிறது? ஒரு வருச வாடகை. ஒரு வருசச் சோறு. ஒரு வருசம் வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் இருக்கிற சவுகரியம். அப்பன் வாங்கிக் கொடுத்த நேரத்துக்குப் பேர்தான் இங்கே தகுதி.

மருத்துவ ஆய்வாளர் என்றால் யார்? நோயாளி பக்கத்தில் உட்காரவும் தெரியும், ஆய்வுக்கூடத்தில் கேள்வியைச் சோதிக்கவும் தெரியும். வார்டில் பார்த்த விசித்திரத்தை 'விதி' என்று விட்டுவிடாமல், ஏன் என்று கேட்டு, கணக்கெடுத்து, நிரூபித்துக் காட்டுகிற டாக்டர். இது பிறவி ஞானத்தால் வருவதில்லை. நேரம் கொடுத்துப் பழக்கினால் வருகிறது. நேரத்துக்கு விலை உண்டு. அந்த விலையை அரசு கொடுக்காவிட்டால் குடும்பம் கொடுக்க வேண்டும். எந்தச் சாதிக் குடும்பத்தால் கொடுக்க முடியும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காக்காரன் இதைப் பச்சையாகப் புரிந்துகொண்டான். அங்கே தேசிய சுகாதார நிறுவனம், என்.ஐ.எச்., 1964-லேயே ஒரு திட்டம் தொடங்கியது. மருத்துவப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் சேர்த்துப் படிக்கிற மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் கட்டி, மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்தார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலாக இளம் டாக்டர்கள் என்.ஐ.எச்.சில் சம்பளத்தோடு ஆய்வு செய்யலாம் என்று இருந்தது. அப்படிப் போனவர்களில் கோல்ட்ஸ்டைனும் பிரவுனும் 1985-லும், வார்மஸ் 1989-லும், லெஃப்கோவிட்ஸ் 2012-லும் நோபல் பரிசு வாங்கினார்கள். 1979-ல் வைன்கார்டன் என்பவர், மருத்துவ ஆய்வாளர்கள் அழிந்துவரும் இனமாகிவிட்டார்கள் என்று எச்சரித்து எழுதினார். 1985-ல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் என்.ஐ.எச்.சோடு சேர்ந்து, மாணவர்களைக் கல்லூரியிலிருந்து ஒரு வருசம் வெளியே எடுத்து, பணமும் தங்க இடமும் கொடுத்து ஆய்வில் உட்கார வைத்தது. ஆக, மேதைகள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. காசு கொடுத்து உட்கார வைத்தார்கள்.

நமக்கு இது புதிய பாடமும் இல்லை. 1913-ல் பரோடா மகாராஜா மாசம் பதினொன்றரை பவுண்டு என்று மூன்று வருசத்துக்கு உதவித்தொகை கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் பாபாசாகேப் கொலம்பியா நூலகத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து லண்டன் போய் ஆய்வைத் தொடங்கினார். 1917-ல் உதவித்தொகை நின்றது. ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை, சாதியைச் சொல்லித் துரத்தினார்கள். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேமித்து, சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் கடனும் வாங்கி, 1920-ல் மறுபடி லண்டன் போய், 1923-ல்தான் டி.எஸ்சி. பட்டத்தை முடித்தார். அம்பேத்கருக்கே பணம் நின்றால் ஆய்வு நின்றது. கரும்பு வெட்டுகிறவர் மகளுக்கு மட்டும் நிற்காதா?

"சரிப்பா, யாரோ ஒருத்தர் ஆய்வு செஞ்சா போதாதா, நம்ம ஆளுதான் செய்யணுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரிவாள் செல் நோயின் கதையை அவர்கள் முன்னால் வைக்கிறேன். ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்து, குழாயை அடைத்து, எலும்பை முறுக்குகிற வலியைக் கொடுக்கும் பரம்பரை நோய். 1910-ல் சிகாகோவில் ஹெரிக் என்ற டாக்டர் இதை முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதினார். அந்த ரத்தம் யாருடையது? கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த வால்டர் கிளெமன்ட் நோயல் என்ற கறுப்பினப் பல் மருத்துவ மாணவருடையது. படித்து முடித்து ஊர் திரும்பியவர் 1916-ல் இறந்துபோனார். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம்முடைய நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில் இதே அரிவாள் செல் இருப்பதைக் கண்டு இங்கிலாந்து இதழில் எழுதினார்கள். விதர்பாவில் பாபாசாகேபின் மகர் மக்களிடமும் இந்த நோய் உண்டு. இந்திய அரசு இதை ஒழிக்க நாடு தழுவிய இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கியது எப்போது? 2023-ல். கட்டுரை அச்சேறி 71 வருசம் கழித்து! ரத்தம் எடுக்க மட்டும் மலையேறி வந்தார்கள்.

அமெரிக்காவில் இந்த நோய் சுமார் ஒரு லட்சம் பேருக்கு. பெரும்பாலும் கறுப்பர்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற இன்னொரு பரம்பரை நோய் அதில் பாதிப் பேருக்குக்கூட இல்லை. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆனால் 2020-ல் வெளியான ஒரு கணக்குப்படி, நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று பார்த்தால் வெள்ளையர் நோய்க்கான அரசு ஆய்வுப் பணம் மூன்று மடங்குக்கும் மேல். அரிவாள் செல் நோயை அரசியலாக்கியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. கருஞ்சிறுத்தைகள் 1971-ல் தெருத்தெருவாக ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். 1972-ல் அமெரிக்க அரசு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதே 1972-ல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். பெயரை வாங்கிக்கொண்டோம். அந்த ரத்தப் பரிசோதனை முகாமையும் வாங்கியிருக்க வேண்டும்.

பணம் மட்டும் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. இதற்கும் அமெரிக்காவே சாட்சி. 2011-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது: படிப்பு, பயிற்சி, கட்டுரை எல்லாம் சமமாக இருந்தாலும் என்.ஐ.எச். ஆய்வுப் பணம் கேட்கிற கறுப்பருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. 2019-ல் இன்னொரு ஆய்வு ஒரு காரணத்தைத் தோண்டி எடுத்தது. கறுப்பர்கள் தங்கள் சமூகத்தின் நோய், சமூகத்தின் வாழ்நிலை பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். அந்த வகைக் கேள்விக்கே அங்கே பணம் குறைவாகத்தான் கிடைக்கிறது. பார்த்தீர்களா, ஆள் உள்ளே போனாலும் கேள்வியை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். தீண்டாமை ஆளுக்கு மட்டும் இல்லை, கேள்விக்கும் உண்டு.

இங்கே என்ன இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-லிருந்து மருத்துவ மாணவர்களுக்குக் குறுங்கால ஆய்வு உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு. தொகையை 50,000 ரூபாய் வரை உயர்த்தினார்கள். அதுவும் ஆய்வை முடித்து, அறிக்கை கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகு கைக்கு வரும் பணம். முதலில் உன் காசில் செய், சரியாக இருந்தால் அப்புறம் தருகிறோம் என்பது விதி. கையில் காசு இருக்கிறவனுக்கு அது பரிசு. இல்லாதவனுக்கு அது மூடின கதவு. எந்தச் சாதியையும் பேர் சொல்லி விலக்காமல் சாதி வேலையைச் செய்கிற விதிகளில் இதுவும் ஒன்று.

நம்ம இயக்கத்துக்குள்ளேயே ஒரு குரல் உண்டு. "சேரிக்கு டாக்டர் இல்லாம சாகறோம். இதுல உனக்கு ஆராய்ச்சி கேக்குதா?" கோபம் நியாயம். நானும் பல வருசம் இதையே சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டவன். ஆனால் யோசியுங்கள். அந்தப் பொண்ணு ஊருக்குப் போய் டாக்டராக உட்கார்ந்தால் என்ன செய்வாள்? கிட்னி போனவரை டயாலிசிசுக்கு எழுதி அனுப்புவாள். அடுத்தவர் வருவார். அவரையும் அனுப்புவாள். ஏன் போகிறது என்று யாரும் கேட்காத வரைக்கும் வரிசை நீண்டுகொண்டே இருக்கும். எல் சல்வடோரில் கரும்புத் தோட்ட மண்டலங்களில் இதே மாதிரி, சுகரும் பிரஷரும் இல்லாமல் கிட்னி பழுதான கூலிகள் வந்தபோது அந்த நாட்டு டாக்டர்களே கணக்கெடுத்து 2002-ல் எழுதினார்கள். அப்புறம்தான் வெயில், தண்ணீர், ஓய்வு என்று உலகம் பேசத் தொடங்கியது. வெயிலில் வேலை செய்கிறவருக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடு என்பது நமக்குக் கூலிப் போராட்டக் கோரிக்கை. அதை மருத்துவ உண்மையாக நிரூபித்துப் பண்ணையார் முகத்தில் வீசவும் ஆள் வேண்டாமா? களை எடுக்கப் போன அம்மா ஒதுங்க இடமில்லாமல் தண்ணி குடிக்காமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும். புத்தகத்தில் படித்தவனுக்கு அது பத்தாவது கேள்வியாக வரும், அல்லது வராமலே போகும்.

அதனால் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரி சீட்டோடு நம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நின்றுவிடக் கூடாது. சீட்டு என்பது உள்ளே போகும் சீட்டுதான். கேள்வி கேட்கிற நாற்காலி இன்னும் உள்ளே இருக்கிறது. நாம் கேட்க வேண்டியவை இவை. ஆய்வுக்கு ஒரு முழு வருசம், ஹவுஸ் சர்ஜன் உதவித்தொகைக்குக் குறையாத பணம், மாசம் பிறந்தவுடன் முன்பணமாக. தேர்வில் இட ஒதுக்கீடு, யார் யாருக்குக் கிடைத்தது என்ற வகுப்புவாரிக் கணக்கு வெளிப்படையாக. அந்த வருசம் அரசு வேலையில் பணிக்காலமாக எண்ணப்பட வேண்டும், இல்லாவிட்டால் நம்ம பிள்ளைகள் ஒரு வருசம் பின்தங்கி நிற்பார்கள். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அந்த நோயால் சாகிற தெருவிலிருந்தும் ஒருவர் உட்கார வேண்டும். முடிவு எதுவானாலும் முதலில் அந்தத் தெருவில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். ரத்தம் கொடுத்தவர்களுக்குப் பதில் கொடுக்காத ஆராய்ச்சி, களவு.

மருத்துவக் கல்லூரியில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கல்லூரியில் சம்பளமில்லாமல் ஆய்வில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்கள் அப்பா அம்மா என்ன வேலை என்று விசாரித்து ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

அந்தப் பொண்ணுக்கு என்ன சொன்னேன்? அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பழைய நண்பர்கள் நாலு பேருக்குப் போன் போட்டேன். எல்லாரும் என்னை மாதிரி ராத்திரி டூட்டிக்கு ஓடினவர்கள்தான். ஐந்து பேர், ஆளுக்கு மாசம் 4,000. அவள் வீட்டுக்கு மாசாமாசம் 20,000 போகும். அவள் உட்காருகிறாள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை வரவில்லை. ஐந்து பேர் மனசு வைத்தால் ஒரு பிள்ளை ஆய்வு செய்யலாம், மனசு மாறினால் நின்றுபோகும் என்றால், அதுவும் ஒரு குட்டி மகாராஜா ஏற்பாடுதான். நாம் கேட்பது தர்மமில்லை, பங்கு. அதுவரைக்கும் அந்த 20,000 ஒரு மாசமும் தவறாது.