பனி பெய்யாத ஊரில் மரங்களின் கடுங்காலம்

மரப் பராமரிப்பு நூல்களில் பல, கடும் பனிக்காலத்தைக் கடந்துவந்த மரத்தை வசந்தத்தில் எவ்வாறு தேற்றுவது என்றே தொடங்குகின்றன. அவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. பெங்களூரில் மரத்தை வாட்டுவது குளிரன்று. மழை ஓய்ந்தபின் கோடைமழை வரும்வரை நீளும் வறட்சி. ஆயினும் ஓர் உண்மை இரு நிலங்களுக்கும் பொது. துளிர்க்கும் காலத்தை மரம் வலுப்பெற்ற காலம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது தன் சேமிப்பைச் செலவழித்து நிற்கும் காலம்.

ஸ்ரீராம்புரத்தின் குறுகிய தெருக்களில் பங்குனி மாதம் நடப்பவர்கள் இதைக் காணலாம். இலையுதிர்த்த புங்கைகள் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் தளிர்களுடன் நிற்கும். அண்ணாந்து பார்த்து மகிழும் நாம் அடிமரத்தைப் பார்ப்பதில்லை. அங்கே பட்டையை இறுக்கியபடி சிமெண்ட் தளம். ஒருபுறம் சாக்கடைக்காகத் தோண்டியபோது அறுபட்ட வேர்கள். மறுபுறம் மின்கம்பிக்காக வெட்டப்பட்ட கிளைகள். நீரும் காற்றும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மண்ணின் மேலடுக்கிலேயே பரவுகின்றன. தளம் போடும்போது நாம் மூடுவது அந்த அடுக்கைத்தான்.

2024ஆம் ஆண்டை நினைவுகூர்க. முந்தைய ஆண்டு பருவமழை பொய்த்ததால் கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. மார்ச்சில், தோட்டத்திற்கும் வாகனம் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது பெங்களூர்க் குடிநீர் வாரியம். ஏப்ரல் 28 அன்று வெப்பம் 38.5 பாகையைத் தொட்டது. பின்னர் மழை வந்தது. ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பழி காற்றின்மேல் விழுந்தது. வேரறுந்து, ஒருபக்கம் பாரம் மிகுந்து, மாதக்கணக்கில் தாகத்தோடு நின்ற மரத்தைக் காற்று கடைசியாகத் தள்ளியது, அவ்வளவே.

மனிதருக்கே குடிநீர் இல்லாத இடத்தில் மரத்திற்கு நீரா என்ற வினா நியாயமானது. குடத்துடன் வரிசையில் நிற்கும் பெண்ணிடம் சூழலியல் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நெருக்கமான குடியிருப்புகளில் மரம் அழகுப்பொருள் அன்று. இஸ்திரி வண்டிக்காரரின் கூரை அது. பூக்கட்டும் பெண்ணின் பணியிடம் அது. தகரக் கூரை வீட்டாருக்குப் பகலில் மூச்சுவிடும் இடமும் அதுவே. தோட்டமுள்ள வீட்டுக்காரர் ஒரு மரத்தை இழந்தால் மற்றொன்று இருக்கும். இங்கே ஒரு மரம் விழுந்தால் ஒரு தெருவின் நிழலே போய்விடும். அது விழுமோ என்ற அச்சமும் இத்தெருக்காரர்களுக்கே மிகுதி. அந்த அச்சத்திற்கு விடை வெட்டுவதன்று, வேரைக் காப்பது.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு தளத்தை அகற்ற வேண்டும். தில்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே இவ்வாறு ஆணையிட்டது. உதிர்ந்த சருகை எரிக்காமல் அவ்விடத்தில் மூடாக்காக இடலாம். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை, அடிமரத்தை ஒட்டாமல் சற்றுத் தள்ளி, வாரம் ஒருமுறை ஆழ இறங்கும்படி ஊற்றலாம். கிளைகளைச் சமநிலை கெடாமல் கழிப்பது மாநகராட்சியின் கடமை. அது முதல் மழைக்கு முன்பே முடிய வேண்டும், மரம் விழுந்த மறுநாள் அன்று.

கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டினது. அதன் மையம் வெட்டுவதற்கான அனுமதி. நம் ஆய்வுகளும் பெரும்பாலும் வெட்டப்பட்ட மரங்களை எண்ணுவதிலேயே நின்றுவிடுகின்றன. நிற்கும் மரம் எந்நிலையில் நிற்கிறது என்பதை எவர் பதிவு செய்கிறார்? மாணவ நண்பர்கள் இந்தப் பங்குனியில் தத்தம் தெருவின் மரங்களை அடியிலிருந்து பார்த்து எழுதினால், அது ஒரு நல்ல தொடக்கமாக அமையும்.