வேகத்துக்கு அபராதம்: யாரிடம், எவ்வளவு, எத்தனை விரைவில்?

எல்லை மீறிய வேகத்துக்குத் தண்டனை வேண்டும் என்பதில் எங்கள் அமைப்புக்குள் இரண்டு கருத்து இல்லை. நடந்து போகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பேருந்துப் பயணிகள், ஓட்டுநர் வேலையை நம்பிப் பிழைப்பவர்கள், சாலையில் உறவைப் பறிகொடுத்தவர்கள் என எல்லோரும் இந்த அமைப்பில் இருக்கிறோம். எங்கள் கேள்வி, அந்தத் தண்டனை யார் மேல் விழுகிறது, விழுந்தால் வேகம் குறைகிறதா என்பதுதான். இன்றுள்ள முறையில் கையில் சிக்கியவர் பணம் கட்டுகிறார். அவரை விரட்டிய முதலாளியையும், ஆயிரம் ரூபாயைப் பொருட்படுத்தாத பணக்காரரையும் நடைமுறையில் சட்டம் தொடுவதே இல்லை. இதை மாற்ற வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. மாற்றத்துக்கு வேண்டிய பிரிவுகளில் பெரும்பாலானவை மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடமும் நமக்குத்தான். நாடு முழுவதும் நேர்ந்த சாவுகளில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்தக் கடைசிக் கணக்கை நாங்கள் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்கிறோம். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற தொடர் நம் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளில் வழக்கமாக வருவது. பள்ளமும் இருட்டும் காரணமாக இருந்த இடத்திலும் அதே வரி எழுதப்படுவதுண்டு. ஆனால் வேகத்தின் கணக்கைக் காவல் நிலையம் எழுதவில்லை. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், பிரேக்கை மிதித்த பிறகு அது ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. சாலையில் சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களைச் சுற்றி இரும்புக் கூடு எதுவும் இல்லை.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் முறை வேக மீறலுக்கான அபராதம் அதிகபட்சம் 400 ரூபாய். 2019 திருத்தத்தில் அது இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்று உயர்ந்தது. மக்கள் எதிர்ப்பைப் பார்த்துப் பல மாநிலங்கள் தயங்கின; குஜராத் உடனே பல தொகைகளைக் குறைத்தது; தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த விவாதம் முழுக்கத் தொகையைப் பற்றியே நடந்தது. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. நூறு முறை மீறினால் ஒரு முறை மாட்டலாம் என்ற நிலையில் அபராதத்தைப் பத்து மடங்காக்கினாலும் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழாது. தொகை கூடக் கூட, ரசீது இல்லாமல் பாதியில் முடித்துக்கொள்ளலாம் என்ற பேரமும் கூடுகிறது. அந்தப் பேரத்தில் அரசுக்குப் பணம் வருவதில்லை, ஓட்டுநருக்கும் பாடம் கிடைப்பதில்லை.

பிரான்ஸ் 2003இன் இறுதியில் தானியங்கி வேகக் கேமராக்களை நிறுவத் தொடங்கியது. 2002இல் ஏழாயிரத்தைத் தாண்டியிருந்த சாலைச் சாவு 2006இல் ஐந்தாயிரத்துக்குக் கீழே இறங்கியது. குடித்துவிட்டு ஓட்டுவோர் மீதான கெடுபிடி உட்பட வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனால் அங்கே சாதாரண வேக மீறலுக்கு விதித்த தொகை யாரையும் நொடித்துப் போகச் செய்கிற தொகை அல்ல. மீறினால் கடிதம் வீட்டுக்கு வந்தே தீரும், உரிமத்தின் பன்னிரண்டு புள்ளிகளில் சிலவும் போகும் என்ற உறுதிதான் வேலை செய்தது. எனவே தொகையை இன்னும் ஏற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மாட்டுவது உறுதி, தண்டனை விரைவு என்ற நிலையைக் கொண்டுவாருங்கள் என்கிறோம்.

கேமராவுக்கான விதிகள் நம்மிடமும் இருக்கின்றன. சட்டத்தின் 136ஏ பிரிவும், அதன் கீழ் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியும் மின்னணுக் கண்காணிப்புக்கு வழி சொல்கின்றன: கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்துத் தெரிவிக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நாங்கள் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம். வண்டியை விற்கப் போகும்போதோ இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதோதான் பழைய சலான்கள் வரிசையாகத் தெரியவருகின்றன என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்கிறோம். எந்த நாள், எந்தச் சாலை, யார் ஓட்டினார் என்று அப்போது யாருக்கு நினைவிருக்கும்? காலம் கடந்த நோட்டீஸ் ஒருவரைத் திருத்தவும் செய்யாது, அவர் தன் பக்கத்தைச் சொல்லவும் விடாது. 15 நாளைத் தாண்டிய கேமரா சலான் செல்லாது என்று தமிழ்நாடு அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

எல்லையே நியாயமாக இல்லாவிட்டால் மீறலுக்கான தண்டனையும் நியாயமாகாது. சென்னையில் பல ஆண்டுகள் 40 கிலோமீட்டர் என்ற எல்லை ஏட்டில் இருந்தது. பெரும்பாலோர் அதை அறியவே இல்லை. அதை ரேடார் வைத்து அமல்படுத்த முனைந்தபோது 2023இல் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 என்று எல்லைகள் மாற்றப்பட்டன. தெருவுக்கு 30 என்பதை முழு மனதோடு ஆதரிக்கிறோம். பெரிய சாலைகளின் எல்லை பற்றி எங்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. ஆனால் எந்த எல்லையானாலும் பலகையில் தெரிய வேண்டும். பலகை இல்லாத சாலையில் வேகத்துக்கு அபராதம் வசூலிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

அடுத்து, எல்லோருக்கும் ஒரே தொகை. மாதத் தவணையில் ஓடும் வாடகைக் காரின் ஓட்டுநருக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஒரு நாள் உழைப்பு முழுவதும் போகிற காரியம். ஒரு கோடி ரூபாய்க் காரில் வருகிறவருக்கு அது ஒரு வேளை காபிச் செலவு. குற்றம் ஒன்று, தொகை ஒன்று, வலி மட்டும் வேறு. பின்லாந்தில் எல்லையை 20 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் அபராதத்தை வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2023இல் ஓலாந்துத் தீவில் 50 எல்லைக்குள் 82இல் போன பெரும் செல்வந்தர் ஒருவர் 1,21,000 யூரோ கட்டினார். நம் நாட்டில் பெரும்பாலோரின் வருமானம் எந்தக் கணக்கிலும் இல்லாததால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் வண்டியின் விலை அரசுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசே 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரையிலான புதிய காருக்கு 12 விழுக்காடும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடும் வாழ்நாள் வரி வாங்குகிறது. வரிக்குப் பொருந்துகிற நியாயம் அபராதத்துக்கும் பொருந்தும். 2019 திருத்தத்தின் 210ஏ பிரிவு, மாநில அரசு அபராதங்களை ஒன்று முதல் பத்து மடங்கு வரை பெருக்கலாம், வாகன வகைக்கு வகை அந்த மடங்கு வேறுபடலாம் என்கிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் தனி வகையாக்கி, வேக மீறலுக்கு உயர்ந்த மடங்கை விதிக்கக் கோருகிறோம். சாதாரண வாகனங்களுக்கு ஒரு மடங்கே போதும். சட்டத்தை அமலாக்க வேண்டிய அதிகாரியே மீறினால் இருமடங்கு என்கிறது 210பி பிரிவு. சைரன் வைத்த வண்டி அவசரமின்றிப் பறப்பதைப் பார்க்கும் மக்களுக்கு அதன் அமலாக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எங்களுக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வேகத்தை எப்போதும் ஓட்டுநரே முடிவு செய்வதில்லை. தனியார் பேருந்தின் நேரத்தைப் பெர்மிட் நிர்ணயிக்கிறது. வழியில் சாலைப் பணியோ சந்தைக் கூட்டமோ இருந்தாலும் அந்த நிமிடம் மாறுவதில்லை. கலெக்‌ஷனை ஒட்டிப் பேட்டா கொடுக்கிற இடங்களில், முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் ஓட்டுநர், நடத்துநர் வீட்டில் அடுப்பு எரியும். நிமிடக் கணக்கில் டெலிவரி என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் பையைச் சுமந்துகொண்டு ஓடுகிற இளைஞர் சிக்னலில் காத்திருந்தால் நட்டம் அவருக்கு. விடிவதற்குள் சந்தையில் இறக்க வேண்டிய காய்கறி லாரியும் அப்படித்தான். சலான் மட்டும் ஓட்டுகிறவர் கைக்கு வருகிறது. பல இடங்களில் அது அவர் சம்பளத்திலேயே பிடிக்கவும்படுகிறது.

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. தன் கீழ் வேலை செய்பவரை வேக எல்லை மீறி ஓட்ட வைப்பவரும் 183ஆம் பிரிவின்படி குற்றவாளி. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது: குறித்த நேரத்துக்குள் பயணத்தை முடிக்கச் சொல்லும் கால அட்டவணையோ உத்தரவோ, எல்லை மீறாமல் நிறைவேற்ற முடியாதது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையே அதை வெளியிட்டவர் குற்றம் செய்ததற்கு முதல்நிலைச் சான்று. இவ்வளவு வலுவான உட்பிரிவைச் சாலையில் யாரும் பயன்படுத்திக் காணோம். ஒரே நிறுவனத்தின் வண்டிகள் திரும்பத் திரும்பக் கேமராவில் சிக்கினால், காவல்துறை அதன் அட்டவணையையும் ஊக்கத்தொகை விதிகளையும் கேட்டு வாங்கி நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் பழைய பெர்மிட் நேரங்களை இன்றைய போக்குவரத்து நெரிசலை வைத்துத் திருத்த வேண்டும். வேக அபராதத்தை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

உரிமத்தை நிறுத்திவைப்பது பணத்தைவிட வலுவான தண்டனை. இரண்டாம் முறை மீறுகிறவரின் உரிமத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் சொல்கிறது. இதை ஆதரிக்கிறோம். பணம் உள்ளவர் வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்வார், தொழில்முறை ஓட்டுநரின் குடும்பம் மட்டும் அந்த மாதங்களில் தவிக்கும் என்பதை அறிந்தேதான் ஆதரிக்கிறோம். ஏனென்றால் திரும்பத் திரும்ப மீறுகிறவரின் முன்னால் நிற்பது இன்னொரு உயிர். ஆனால் முதல் முறை, சிறிய மீறல் என்றால் பிரிட்டனில் இருப்பதைப் போல அபராதத்துக்குப் பதில் பயிற்சி வகுப்பைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு வேண்டும்.

பொறுப்பு ஓட்டுநரோடு முடிவதில்லை. சாலையைத் தரமின்றி வடிவமைத்ததால் உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 198ஏ பிரிவு. ஊரை இரண்டாகப் பிளந்து போகும் நான்குவழிச் சாலையில், கடந்து செல்ல வழியின்றி மக்கள் சாகும் இடங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. ஓட்டுநருக்குக் காட்டும் கண்டிப்பில் ஒரு பங்கையாவது அங்கேயும் காட்டுங்கள்.

ஒவ்வொரு கேமராவிலும் எத்தனை சலான், எவ்வளவு வசூல், அந்த இடத்தில் விபத்து குறைந்ததா என்ற விவரத்தை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். வசூல் கூடி விபத்து குறையாத இடத்திலிருந்து கேமராவை எடுத்து, தேவையான இடத்தில் வைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை உள்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்புகிறோம். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவிலோ பள்ளி வாசலிலோ வேகப் பலகை இல்லையென்றால், இடத்தைக் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். பேருந்தோ டெலிவரியோ தாமதமானால் ஓட்டுநரைத் திட்டாதீர்கள். முடியாத நேரத்தை வாக்குக் கொடுத்த நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்.