வாசல் யாருக்குத் திறந்திருந்தது?

பாரிசுக்குப் போய்வந்த நம்ம ஊர் எழுத்தாளர்கள் துய்லரி தோட்டத்தைப் பற்றி எழுதாமல் விடுவதில்லை. நேர்க்கோட்டில் நிற்கிற மரங்கள், கத்தரித்த செடிகள், வட்டக் குளம், எண்கோணக் குளம், கற்சிலைகள். கடைசியில் ஒரு பெருமூச்சு: 'அழகுணர்ச்சி என்றால் அதுவல்லவா!' நானும் போனேன், பார்த்தேன். அழகுதான், யார் இல்லை என்றார்கள்? என் கேள்வி வேறே. அந்த வாசலில் யாரை நிறுத்தினார்கள்? நிறுத்தப்பட்டவன் எப்படி உள்ளே வந்தான்? இதை எழுத மட்டும் இவுங்களுக்குக் கை வரமாட்டேன் என்கிறது.

பேரிலிருந்தே தொடங்கலாம். 'துய்ல்' என்றால் ஓடு. ஓடு சுடுகிற சூளைகள் இருந்த மண் அது. 1564-இல் கத்ரீன் தெ மெதிசி என்ற ராணி அங்கே அரண்மனை கட்டத் தொடங்கி, தோட்டமும் போட்டாள். சூளைக்காரன் போய்விட்டான், அவன் தொழிலின் பேர் நின்றுவிட்டது. இப்போது பார்க்கிற அமைப்பை 1664 முதல் உருவாக்கியவர் அந்த்ரே லெ நோத்ர். அவர் அப்பாவும் தாத்தாவும் அதே தோட்டத்தில் வேலை பார்த்த தோட்டக்காரர்கள். 'ராஜாவின் ரசனை' என்று உருகுகிறார்களே, அந்த ரசனை மண்ணில் வேலை செய்த குடும்பத்தின் கைவழியாக வந்தது.

அடுத்து ஒரு கதை சொல்வார்கள். வேலை முடிந்ததும் மந்திரி கொல்பேர், இனி இது ராஜகுடும்பத்துக்கு மட்டும் என்று பூட்டப் பார்த்தாராம். சிண்ட்ரெல்லா கதை எழுதிய ஷார்ல் பெரோ பேசி அவர் மனசை மாற்றினாராம். தோட்டம் ஊருக்குத் திறந்தே இருந்ததாம். என்ன பெருந்தன்மை! ஆனால் எந்த ஊருக்கு? சிப்பாய் வரக்கூடாது. வீட்டு வேலைக்காரர் வரக்கூடாது. கந்தல் உடுத்தியவன் வரவே கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் வருஷத்துக்கு ஒரே நாள், புனித லூயி திருநாளன்று மட்டும், எல்லாரும் உள்ளே போகலாம். 'ஊர்' என்றால் சேரி நீங்கலாக என்பது நமக்கு நல்லாத் தெரிந்த இலக்கணம்தானே.

அந்தக் கொல்பேர் நமக்கு அந்நியர் ஒன்றும் இல்லை. அதே 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தியவர் அவர்தான். அந்தக் கம்பெனிதான் புதுச்சேரிக்கு வந்தது. அடிமைகளை அடக்கி ஆள்வதற்கான 'கருப்புச் சட்டம்' அவர் தொடங்கிவைத்த வேலை. அவர் செத்த பிறகு 1685-இல் வெளிவந்தது. புதுச்சேரி மாதாகோவிலுக்குள்ளேயே பறையருக்கும் மற்றவருக்கும் நடுவில் சுவர் நின்றது. 1745-இல் பறையர் கிறித்தவர்கள் நேரில் போய் நியாயம் கேட்ட பிறகுதான் அது இடிந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இது இருக்கிறது. பாரிசில் துணியைப் பார்த்து நிறுத்தினான், இங்கே பிறப்பைப் பார்த்து நிறுத்தினான். துணியை மாற்றிக்கொள்ளலாம். பிறப்பை எந்தக் கடையில் போய் மாற்றுவது?

துய்லரி வாசலை எவன் கருணையும் திறந்துவிடவில்லை. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் சனம் ஆயுதத்தோடு அரண்மனைக்குள் புகுந்தது. அடுத்த வருஷம் தேசியப் பேரவை அதே அரண்மனையில் வந்து உட்கார்ந்தது. 1794 பிப்ரவரி 4 அன்று பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது என்று தீர்மானம் போட்டதும் அங்கேதான். அடிமையாக இருந்து விடுதலையான கருப்பர் ழான் பத்தீஸ்த் பெலே அந்த அவையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். அதையும் பாரிஸ் போட்ட பிச்சை என்று எழுதிவிடாதீர்கள். சான் தொமிங்கு அடிமைகள் 1791-லேயே கரும்புத் தோட்டங்களைக் கொளுத்திக் கிளம்பிவிட்டார்கள். 1802-இல், அதே அரண்மனையில் குடியிருந்த நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தான். சான் தொமிங்கு சனம் அவன் படையை முறியடித்து, 1804-இல் ஹெய்ட்டி என்று தனிநாடு ஆனது. அரண்மனை 1871 கம்யூன் எழுச்சியில் எரிந்தது. மிச்சம் நின்ற சுவரையும் 1883-இல் இடித்துவிட்டார்கள். தோட்டம் இருக்கிறது.

என்னைக் கூட்டிப்போனவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், நம்ம சனம். குளத்தோரம் கிடந்த பச்சை இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருங்கோ அண்ணை. இஞ்ச காசும் இல்லை, ஆர் எண்டும் ஒருத்தரும் கேக்காயினம்." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா லா சப்பல் பக்கம் போனா எங்கட தமிழ்ச்சனம் முதல் கேக்கிறதே 'ஊரிலை எவடம்?' எண்டுதான். ஊரைச் சொன்னா, 'ஊரிலை எந்தப் பக்கம்?' அதோட அவைக்கு விளங்கியிடும். பிறகு கதை குறைஞ்சிடும்."

இது விலாசம் விசாரிக்கிற கேள்வியா? அந்த ஊரில் ராஜா போய்விட்டான், அரண்மனை போய்விட்டது, வாசலில் துணியைப் பார்த்த காவல்காரனும் போய்விட்டான். அந்தக் காவல் வேலையைக் கப்பலேறி, விமானமேறிப் போய் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவன் தமிழன். சம்பளம் கூடக் கேட்காமல் பார்க்கிறான்.

பயணக் கட்டுரை எழுதுகிற அய்யாமார்களே, ஒழுங்காக வெட்டிய செடியைப் பார்த்து வியக்கிறீர்கள். உங்க ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒருவனை மரத்தில் கட்டிவைத்து அடித்தபோது உங்க பேனாவில் மை இல்லாமல் போனதே, ஏன்? பொது இடம் யாரும் கொடுத்த தானமல்ல. வெளியே நிறுத்தப்பட்டவன் ரத்தம் சிந்தி எடுத்துக்கொண்டது. தோட்டத்தின் அழகை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அதற்கு எங்களுக்கு உங்க கண் தேவையில்லை. நீங்கள் முதலில் 'எவடம்' என்று கேட்பதை விடுங்கள்.