மண்வெட்டி பிடித்தவர்கள் கிராமசபையிலும் பேச வேண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊர்களில் கண்மாய் தூர்வாருதல், மரம் வளர்த்தல், பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு என்று இயங்கிவரும் தன்னார்வக் குழுக்களின் கூட்டமைப்பு நாங்கள். ஊர் வேலைக்கு இறங்கும் இளைஞர்கள் ஊராட்சி விவகாரங்களில் தலையிடலாமா, "நமக்கு எதற்கு அரசியல்" என்று ஒதுங்கி நிற்பதுதான் நல்லதா என்ற வாதம் எங்களுக்குள் நெடுநாளாக உண்டு. அதில் எங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறோம். வேலை நடக்கும் இடத்துக்குக் கட்சிக்கொடி வரக்கூடாது. ஆனால் எங்கள் தன்னார்வலர்கள் கிராமசபைக்குப் போக வேண்டும், எழுந்து பேச வேண்டும், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவும் வேண்டும்.

இதற்கான காரணத்தை ஒரு புயல் எங்களுக்குக் காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. சாலையில் கிடந்த மரங்களை அறுத்து வழிவிட்டவர்கள் ஊர்ப் பையன்கள். மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர் பிடித்து வந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியவர்களும் அவர்கள்தான். இதை எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றை விட்டுவிடுகிறோம். அன்றைக்கு நம் ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. 2016 அக்டோபரோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்திருந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. புயல் அடித்தபோது அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது. யார் கூரை போனது, நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்று ஒரு தாய் போய்க் கேட்க, அவளிடம் வாக்கு வாங்கிய ஆள் ஊரில் ஒருவரும் இல்லை.

ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அப்படியிருந்தும் 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்ததும், எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர் கைக்குப் போயின. அலுவலர்கள் உழைக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை என்கிறோம். இந்த இடைவெளியைத் தன்னார்வலர்களை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எந்த மட்டத்தில் இருந்தாலும் அதை எதிர்க்கிறோம். கூலியில்லாமல் வேலை செய்ய நாங்கள் தயார். உள்ளாட்சியே இல்லாத ஊருக்கு மாற்று ஏற்பாடாக இருக்கத் தயாரில்லை.

கஜாவுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பல ஊர்கள் சொந்தக் காசில் குளம் வெட்டின. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் பணம் அனுப்பினார்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் டீசலுக்குக் கொடுத்தார்கள். ஜேசிபியும் பொக்லைனும் இரவு பகலாக ஓடின. கண்மாய்க்குள் இறங்கி மண் அள்ளுவது உண்மையில் எளிதான பகுதி. வரத்து வாரியில் ஒருவர் வேலி போட்டிருந்தால் அதைத் தொட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நில அளவர் வந்து கல் ஊன்ற வேண்டும், வட்டாட்சியர் அலுவலகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியது நீர்வளத் துறையின் பொறுப்பு. கலிங்கை உயர்த்துவதா, மடையைச் சீர்செய்வதா, கரையில் உள்ள சீமைக்கருவேலத்தை யார் வெட்டுவது, அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேரும் என்ற ஒவ்வொன்றுக்கும் அனுமதியும் தீர்மானமும் வேண்டும். வாரி அடைபட்டுக் கிடந்தால், எவ்வளவு ஆழம் வெட்டினாலும் கண்மாய் வெறும் பள்ளம்தான். அதனால்தான் மண்வெட்டி பிடித்த பையன் கிராமசபையில் மனு கொடுக்கவும், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்க்கவும் பழக வேண்டும் என்கிறோம்.

தன்னார்வலர்கள் இப்படித் தலைமைக்கு வளர்வது நடக்காத காரியமல்ல. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவித்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். எழுதக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைத்துக் கொண்டிருந்த பெண்கள் குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். தன்னார்வ வேலை தலைமையாக வளர்ந்ததற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று எங்களுக்குத் தேவையில்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த அறிக்கையை முடிக்க முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அது எங்கள் மாவட்டம். எல்லோரும் சேர்ந்து கரையைக் கட்டிவிட்டு, குழுவில் ஒரு தெருவுக்கு மட்டும் நாற்காலி போடுவதைப் பொதுச்சேவை என்று நாங்கள் ஏற்கமாட்டோம். ஊரின் எல்லாத் தெருவில் இருந்தும் பெண்களும் ஆண்களும் பொறுப்பில் இல்லாத குழு எங்கள் கூட்டமைப்பில் இருக்க முடியாது. தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடும் வழக்கத்தையும், பெண் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து கையெழுத்துக்கு மட்டும் அவரை அழைப்பதையும் எதிர்த்து நிற்போம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இடங்களுக்கு மகளிர் குழு ஊக்குநர்களும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும் முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறோம்.

ஊராட்சியிடம் கணக்குக் கேட்பவர்கள் தங்கள் கணக்கையும் காட்ட வேண்டும். மொய் விருந்து நடத்தும் வட்டாரம் இது. யார், எந்த ஆண்டு, எவ்வளவு எழுதினார் என்பதை நோட்டில் ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருக்கிறோம். கண்மாய் நிதியையும் அப்படியே வைக்க நம்மால் முடியும். ஒவ்வொரு குழுவும் தன் வரவு செலவைக் கிராமசபை நாளில் பொது இடத்தில் ஒட்டும். பொறுப்பாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். தேர்தலில் நிற்பவர் குழுப் பொறுப்பில் இருந்து விலகிவிட வேண்டும். குழுவின் பெயரில் எவருக்கும் வாக்குக் கேட்கமாட்டோம். எங்களில் ஒருவர் வென்றால், மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளை அவரிடமும் கேட்போம்.

அரசிடம் எங்கள் கோரிக்கை இரண்டுதான். உள்ளாட்சித் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்துங்கள். கிராமசபைத் தீர்மானங்களின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை அடுத்த கிராமசபையில் எழுத்தில் வையுங்கள்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள் தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள், அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வீட்டுப் பெண்களை உடன் அழைத்து வாருங்கள். தீர்மானம் வாசிக்கப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.