விரிச்சி கேட்கும் நகரம்

இலக்கியம் பேசும் இடத்தில் கால்பந்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றே பொறுக்க வேண்டுகிறோம். நாம் பேச எடுத்துக்கொண்டது ஆட்டத்துக்கு முந்தைய நாளில் மனிதர்கள் பேசும் பேச்சு. அதில் இலக்கிய மாணவனுக்கும் கொஞ்சம் தீனி உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் பொருட்டுக் கொல்கத்தா சென்றிருந்தோம். காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடை. மறுநாள் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம். கடைக்காரர் எழுபதைக் கடந்தவர். நாம் எடுத்து வைத்த நூலின் விலையைக் கேட்க, அவர் ஆட்டத்தின் முடிவைச் சொன்னார்: மோகன் பகான் இரண்டு, ஈஸ்ட் பெங்கால் பூஜ்யம். நேற்றைய செய்தித்தாளைப் பார்த்துப் படிப்பவரின் நிதானம் அக்குரலில் இருந்தது. எப்படி இவ்வளவு உறுதி என்று வினவினோம். முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் தாம் இதையேதான் சொல்லி வருவதாகவும், புதிதாக யோசிக்க இதில் ஒன்றுமில்லை என்றும் பதில் வந்தது. எத்தனை முறை பலித்தது என்று கேட்டுவிட்டோம். பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கு விலை கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். புத்தக விலையில் பத்து ரூபாய் குறைக்கவும் மறுத்துவிட்டார்.

கேட்டது பிழையான கேள்வி என்பது ஊர் திரும்பிய பின்னரே உறைத்தது. முல்லைப்பாட்டைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அங்கே ஓர் ஆயமகள், தாயைக் காணாது தவிக்கும் கன்றிடம், உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று ஆறுதல் சொல்கிறாள். அவ்வளவுதான். அவள் போரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலைவன் யாரென்றே அவளுக்குத் தெரியாது. எனினும் முதுபெண்டிர் திரும்பி வந்து, நற்சொல் கேட்டோம், தலைவன் வென்று மீள்வான் என்று தலைவியிடம் கூறுகின்றனர். அவர்களைப் பொய்யர் என்று எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. காத்திருப்பவளுக்கு ஒரு மாலைப் பொழுதைக் கடக்கத் துணை வேண்டும். அத்துணையை அவர்கள் கொணர்ந்தனர். புத்தகக் கடைக்காரரின் ‘இரண்டுக்குப் பூஜ்யம்’ இவ்வகையைச் சேர்ந்ததே என்பது நமது துணிபு.

கொல்கத்தாவில் அத்தகைய துணை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு வரலாறு உண்டு. 1889இல் தோன்றிய மோகன் பகானை மேற்கு வங்கத்தின் பழங்குடியினரான ‘கோட்டி’களின் கழகம் என்பர், 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலைக் கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’களின் கழகம் என்பர். நாட்டுப் பிரிவினையில் வீட்டையும் குளத்தையும் விட்டு வந்தவர்களுக்கு, இழந்த மண்ணின் பெயரைச் சட்டையில் சுமந்து பதினொரு பேர் ஓடுவது வெறும் விளையாட்டாக இருந்திருக்க முடியாது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விலை ஏறும் என்பது அந்நகரத்து வழக்கு. இன்று இந்தக் கோடு பெரிதும் மங்கிவிட்டது. இரு அணிகளிலும் வெளிநாட்டவரும் வெளி மாநிலத்தவரும் நிறைந்துவிட்டனர். ஆட்டத்துக்கு முந்தைய நாளின் பேச்சு மட்டும் மங்கவில்லை.

அப்பேச்சில் ஒரு கதை தவறாமல் வரும். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடியவர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு முதியவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பகான் மறுபடியும் கேடயத்தை வெல்லும்போது என்று பதில் வந்ததாம். மோகன் பகான் அடுத்துக் கேடயம் வென்ற ஆண்டு 1947! இக்கதை 1947க்குப் பிறகு பிறந்ததாகவே இருக்கலாம் என்ற ஐயம் நமக்கு உண்டு. வாக்கு பலித்த பின் அதைச் சொன்ன வாய் ஒன்றைத் தேடிப் பிடிப்பது மக்களின் இயல்பு. நம் தலபுராணங்களில் இதற்குப் பஞ்சமில்லை. ஆயினும் அதை வரலாற்றுப் பிழை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஓர் ஊர் தன் விடுதலையை ஒரு கேடயத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ள விரும்பியது என்பதும் வரலாறுதானே?

எல்லா ஆரூடமும் இப்படி மென்மையானதன்று. 1975 செப்டம்பர் 30, கேடய இறுதியாட்டம்: ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. அன்று தோற்ற அணியின் இளம் ரசிகர் ஒருவர், அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரராகப் பிறந்து இதற்குப் பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்துவிட்டுத் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். இதுவும் வருங்காலத்தைப் பற்றிய ஒரு கூற்றே. அதைப் படிக்கையில் விரிச்சி என்ற அழகிய சொல் நம் வாயில் கசக்கிறது. 2009 அக்டோபரில் மோகன் பகான் 5-3 என வென்றபோது, ஐந்து என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. வித்தியாசம் இரண்டுதானே என்று கடன் தீராததாகக் கணக்குப் பார்த்தவர்களும் உண்டு.

நாம் குறை சொல்ல விரும்புவது வேறோர் ஆரூடத்தை. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ‘வைரம்’ என்ற புதிய ஆட்ட அமைப்பை வகுத்திருந்தார். முந்தைய ஆட்டங்களில் அது பெருவெற்றி தந்திருந்தது. அத்தோடு நில்லாமல், எதிரணியின் பாய்ச்சுங் பூட்டியாவைச் ‘சுங் சுங்’ என்றும், கென்யாவின் சாமி ஒமொல்லோவை ‘ஆம்லெட்’ என்றும் எள்ளி நகையாடினார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. மறுபுறம் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேருக்கு மேல் திரண்டனர். பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. தத்தா ஆட்ட நுட்பம் அறிந்தவர், புதுமை விரும்பி. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மலைநாட்டு இளைஞன் ஒருவனின் பெயரைச் சிதைத்துச் சிரித்தது எந்த நுட்பத்தில் சேரும்? புத்தகக் கடைக்காரர் தம் அணி வெல்லும் என்றார். எதிரணி இழிந்தது என்று சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைப் பத்திரிகையாளர்கள் அன்றும் அளக்கவில்லை, இன்றும் பெரும்பாலும் அளப்பதில்லை. (அந்தக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் சல்கோகரிடம் தோற்றது. அதை நினைவூட்டினால் இரு தரப்பாருக்கும் பிடிப்பதில்லை.)

ரசிகர்களை முற்றிலும் குற்றமற்றவர்களாக்கவும் நாம் முற்படவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் மோதியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு ரசிகர்கள் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் இரத்த தானம் செய்கிறார்கள்.

அதே ஆகஸ்ட் மாதத்தில், 2024இல், ஓர் ஆட்டம் நடக்காமலே போயிற்று. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டதைக் கண்டித்து நகரமே தெருவில் நின்ற நேரம். 18ஆம் தேதி நடக்கவிருந்த டூராண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டமில்லாத அந்த மாலையிலும் ரசிகர்கள் சால்ட் லேக் அரங்கின் வெளியே வந்து சேர்ந்தனர்: சிவப்பு மஞ்சள் சட்டையினரும் பச்சை மெரூன் சட்டையினரும், கூடவே முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும். ஒரு கழகத்தின் சட்டை அணிந்தவர் மறு கழகத்தவரைத் தோளில் சுமந்து நின்றார். காவலர் தடியடி நடத்தினர். யார் வெல்வார் என்று சொல்ல அன்று எவருக்கும் வாய்ப்பில்லை. நூறாண்டுக் காலம் ஒருவரையொருவர் நோக்கி ஆரூடம் சொல்லிப் பழகிய குரல்கள் நீதி வேண்டும் என்று சேர்ந்து ஒலித்தன. இருவரும் ஒரே மாலையைக் கடக்கக் காத்திருந்தவர்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் அவ்வளவு விரைவில் தோள் கிடைத்திராது.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 19 அன்று, ஐ.எஸ்.எல். போட்டியில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. மோகன் பகான் இரண்டு, ஈஸ்ட் பெங்கால் பூஜ்யம். செய்தியைப் படித்ததும் காலேஜ் ஸ்ட்ரீட் கடைக்காரரை நினைத்துக்கொண்டோம். அடுத்த முறை போனால் எத்தனை முறை பலித்தது என்று கேட்பதாக இல்லை. பத்து ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாம்.