ஒண்ணாங் கிளாஸ் டீச்சர்தானே!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ். காலை எட்டு மணி. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் படம் வரைந்த அட்டைகளும் நோட்டுகளும் பிதுங்கும் ஒரு பை. பக்கத்தில் இருந்த அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"என்னா வேலைம்மா?"

"டீச்சருங்க."

"எந்த கிளாசு?"

"ஒண்ணாங் கிளாஸ்."

"அட, சின்னப் பசங்கதானே! கஷ்டமில்லாத வேலை."

அந்த ஆசிரியை சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்கு முன்னும் பல முறை இப்படிச் சிரித்திருப்பார் என்று தோன்றியது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. பெரிய வகுப்புக்குப் பெரிய படிப்பு, சின்ன வகுப்புக்குச் சின்னப் படிப்பு. ஆனா ஆவன்னா தெரிந்த எவரும் சொல்லிக் கொடுக்கலாம் என்பது நம்மிடம் வேரோடிப்போன எண்ணம். தொடக்கக் கல்வியில் ஒருவர் ஆராய்ச்சி செய்கிறார், கட்டுரை எழுதுகிறார் என்றால், "இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த எண்ணம் முழுத் தவறு. இதற்கான விலையை ஏழை வீட்டுப் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்லைக் காட்டுகிறேன். 'கொடி' என்று எழுதச் சொன்னால் ஒரு குழந்தை 'கெடி' என்று எழுதுகிறது. வீட்டில் நாம் என்ன சொல்வோம்? "கவனம் போதவில்லை, பத்து தடவை எழுது." விவரம் அறிந்த ஆசிரியர் அந்தப் பிழையை உற்றுப் பார்ப்பார். காதுக்கு 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகு வருகிறது. கண்ணுக்கோ கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். ஓர் ஒலிக்கு இரண்டு துண்டுக் குறி, அதுவும் எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கொம்பைச் சரியான இடத்தில் போட்ட குழந்தை முக்கால் வழி வந்துவிட்டது. காலை மட்டும் விட்டிருக்கிறது. அதற்கு வேண்டியது தண்டனையா? 'கெ', 'கொ' இரண்டையும் அருகருகே வைத்து, வாயால் சொல்லி, விரலால் தொட்டுப் பார்க்க வைத்தால் போதும்.

கணக்கிலும் இதே கதை. 42இல் 17 போனால் 35 என்று எழுதுகிற பிள்ளை கண்டபடி எழுதவில்லை. இரண்டில் ஏழு போகாது என்று தெரிந்து, ஏழில் இரண்டைக் கழித்திருக்கிறது. 'சின்னதைப் பெரியதிலிருந்து கழி' என்று முன்பு யாரோ சொன்னதை நம்பி நடந்திருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் அறிவு. அது பி.எஸ்சி. கணிதத்தில் கிடைக்காது.

இந்த அறிவு எவ்வளவு ஆழமானது என்று காட்டியவர் லிபிங் மா. சீனாவின் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தி, பிறகு அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர். 1999இல் வெளிவந்த அவருடைய நூல், 23 அமெரிக்க ஆசிரியர்களையும் 72 சீன ஆசிரியர்களையும் ஒப்பிட்டது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். விடை மூன்றரை. சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகச் செய்தார்கள். செய்து பார்த்த 21 அமெரிக்கர்களில் 9 பேருக்குத்தான் சரியாக வந்தது. இத்தனைக்கும் பட்டம் பெற்றவர்கள் அமெரிக்கர்கள். பள்ளிப் படிப்புக்குப் பின் ஆசிரியப் பயிற்சி மட்டும் முடித்தவர்கள் சீனர்கள். சின்ன வகுப்புக் கணக்கையே ஒரு பெரிய பாடமாக எடுத்து, சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் அவர்கள்.

மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அங்கே 1957இல் தொடங்கப்பட்ட சிற்பக்கலைக் கல்லூரியில் கல்லைத் தொட நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. "சின்னச் சிலைதானே, யார் வேண்டுமானாலும் செதுக்கட்டும்" என்று எந்தச் சிற்பியும் உளியைக் கொடுக்க மாட்டார். பல்லவர் காலத்தில் பாதியில் நின்றுபோன பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் போய்ப் பாருங்கள். மேலே வேலை முடிந்திருக்கும், கீழே வெறும் பாறை நிற்கும். உச்சியிலிருந்து கீழ்நோக்கி வந்திருக்கிறார்கள். எது முதலில், எது பிறகு என்ற வரிசை தெரிந்தவனின் வேலை அது. எழுத்துக்கும் அந்த வரிசை உண்டு. பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தின் முதல் பாடம் 'அம்மா'வில் தொடங்கவில்லை, 'பட்டா', 'படி' என்று தொடங்கியது. 'ட'வும் 'ப'வும் நேர்க்கோட்டில் முடிகிற எழுத்துகள், கலப்பை பிடித்த கைக்கும் உடனே வரும். நிலமில்லாதவருக்கு 'பட்டா' என்ற சொல்லே ஒரு பேச்சைத் தொடங்கிவைக்கும். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் எத்தனை யோசனை இருந்திருக்கும்!

அப்படியென்றால் 'யாரும் சொல்லிக் கொடுக்கலாம்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதில் நம் கடற்கரை மணலுக்கும் பங்கு உண்டு.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூர் ஆண்கள் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் குதிரையில் போகும்போது நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் மறுத்தார்கள். உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைச் சட்டாம்பிள்ளையாக்கி அவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். அந்த ஏற்பாடு பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது.

அங்கேதான் தவறு நேர்ந்தது. சிறுவனே சொல்லிக் கொடுக்கலாம் என்றால் ஆசிரியருக்கு எதற்குச் சம்பளம் என்று கணக்குப் போட்டார்கள். மலிவுதான் அந்த முறையின் பெருமை ஆயிற்று. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உபாத்தியாயர் யார் கண்ணிலும் படவில்லை. மணலிலிருந்து ஓலைக்கும், விரலிலிருந்து எழுத்தாணிக்கும் பிள்ளை எப்போது போகலாம் என்று முடிவு செய்தவர் அவர். இங்கேயும் அவரை யாரும் சீந்தவில்லை. 1826இல் கவர்னர் தாமஸ் மன்றோ, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகக் குறிப்பு எழுதினார். ஆசிரியர்களுக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் அதே குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. பெல் 1832இல் இறந்தபோது பெரும் சொத்தைக் கல்விக்கென்று எழுதிவைத்திருந்தார். அந்தப் பணத்திலிருந்து 1876இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் கல்வியியலுக்குப் பேராசிரியர் பதவிகள் உருவாக்கப்பட்டன. எடின்பரோவில் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் சைமன் லாரி. சிறுவனை விட்டே பாடம் நடத்தலாம் என்றவரின் பணத்தைக் கொண்டே, கற்பிப்பது ஒரு துறை, அதற்குப் பேராசிரியர் வேண்டும் என்று அவர் நாடு முடிவெடுத்தது. அவர்கள் திருந்திக்கொண்டார்கள். நாம் பழைய தவறையே கட்டிக்கொண்டு அழுகிறோம்.

சட்டத்திலேயே அந்தத் தவறு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இரண்டு பேர். எந்தக் கல்லூரியாவது ஒரே பேராசிரியரிடம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒப்படைக்குமா? சம்பளத்திலும் அதே பார்வைதான். தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். 2009 மே 31 வரை வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாய் அடிப்படை ஊதியம், மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்று தமிழ்நாட்டில் வரையறுக்கப்பட்டது. ஒரே வகுப்பு, ஒரே வேலை. ஆண்டுக்கணக்கில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதை நாம் டிவியில் பார்த்துவிட்டு சேனல் மாற்றினோம்.

"எங்கள் அம்மா பயிற்சி பெற்றா எனக்குப் பேசக் கற்றுக் கொடுத்தாள்?" என்று கேட்பார்கள். பேச்சு வேறு, எழுத்து வேறு. பேச்சு புழக்கத்தில் வரும். எழுத்து மனிதன் உண்டாக்கியது. யாராவது உட்கார்ந்து காட்டினால்தான் வரும். "ஆராய்ச்சிக் கட்டுரைகள் பதவி உயர்வுக்காகத்தானே எழுதப்படுகின்றன?" என்றும் கேட்பார்கள். அப்படிப்பட்டவை உண்டு, மறுக்கவில்லை. வகுப்பறைக்குள் கால் வைக்காத கட்டுரையால் யாருக்கும் பயனில்லை. அதற்கு மருந்து, ஆராய்ச்சியாளரை ஒண்ணாங் கிளாசின் தரையில் கொண்டுவந்து உட்கார வைப்பது. ஒண்ணாங் கிளாசையே கேவலமாக நினைப்பது மருந்தாகாது.

1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆசிரியர் வேலையில் பெண்கள் நிறைய வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவர்கள் வந்தார்கள். இன்று கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை குப்பத்துப் பிள்ளைகளுக்கும், உள்ளடங்கிய ஊர்களில் இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் எழுத்தைக் காட்டுகிற கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். வீட்டில் புத்தகமே இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு ஆசிரியைதான் கதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மோசமான டீச்சரிடம் படித்தாலும் டியூஷனில் தப்பித்துவிடும். மீனவர் வீட்டுப் பிள்ளை தப்பாது.

ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வந்தவரை ஒண்ணாம் வகுப்பில் தள்ளாதீர்கள். பள்ளியிலேயே அதிகம் தெரிந்தவரை அங்கே நிறுத்துங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் சேர்க்கப் போகும்போது கம்ப்யூட்டர் எத்தனை, ஏசி உண்டா என்று கேட்பதற்கு முன், "ஒண்ணாம் வகுப்பு டீச்சர் யார், எத்தனை வருஷமாக அதே வகுப்பு எடுக்கிறார்?" என்று கேளுங்கள். அடுத்த முறை பஸ்ஸில் அப்படி ஒரு பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.